மடித்து வைத்த புலிக் கம்பளி

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். ஈப்போவுக்கு வெளியே செமோரில், மதியமானால் மழை பிடித்துக்கொள்கிற ஐப்பசி மாதம். அப்போது நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். விட்டுவிட்டு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தில் கணினி நிரல் எழுதிக்கொண்டு, சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவளை ஆள் குறைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே வருடம்தான் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. பட்ட காலிலேயே படும் என்று சொன்ன புண்ணியவான் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பான்.

வாரத்தில் மூன்று நாள் அவருக்கு ரத்தம் கழுவ வேண்டும். டயாலிசிஸ் என்ற சொல் டாக்டரோடு சரி. எங்கள் பக்கத்தில் எல்லாரும் ரத்தம் கழுவப் போறோம் என்றுதான் சொல்வார்கள், என்னவோ துணி துவைக்கப் போகிற மாதிரி. காரை விற்றாகிவிட்டது. அதனால் வேன்தான். வேன் ஓட்டும் அண்ணன் எங்கள் தாமானிலேயே, அதே குடியிருப்பில்தான் இருந்தார். விடிவதற்கு முன்னால் கிளம்பி, சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு பழைய தோட்டத்துக்குப் போவார். அங்கே ஆள் ஏற்றி, வழியில் டவுனில் சிலரை ஏற்றி, திரும்பிச் செமோருக்கு வந்து என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு ஈப்போவில் ரத்தம் கழுவும் மையத்துக்குப் போய்ச் சேருவார்.

அந்தத் தோட்டம் ஒரு காலத்தில் ரப்பர். இப்போது சுற்றிலும் பாமாயில் எடுக்கிற செம்பனை. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக இருந்த லயத்து வீடுகளில் முக்கால்வாசி இடிந்துபோய், மீதியில் சில குடும்பங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதில் கடைசி வீடு ஒரு அக்காவுடையது. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவர், உடம்பு முடியாமல் நின்றுவிட்டார். வேனில் முதலில் ஏறுபவர் அவர்தான், கடைசியில் இறங்குபவரும் அவர்தான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்பார்களே, பெரிய புலி முகம் போட்ட வழவழப்பான தடித்த கம்பளி, அதைப் போர்த்திக்கொண்டுதான் வேனில் ஏறுவார். மையத்தில் குளிர் எலும்பைத் துளைக்கும். ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வரும்போது உள்ளேயும் குளிரும். அதனால் வேனில் வருகிற நோயாளிகள், மையத்தில் அவர்களுக்கு வேன்காரர்கள் என்றே பெயர், எல்லாருமே ஆளுக்கொரு கம்பளியோடுதான் வருவார்கள்.

பிரச்சினை இந்த அக்காவின் வீட்டில்தான் இருந்தது, ஆனால் அது அவர் தப்பு இல்லை. அடிக்கடி மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். அன்றைக்கு வேன் வர வேண்டாம் என்று மையத்து நோயாளிகளின் புலனக் குழுவில், அதுதான் வாட்ஸ்அப்பில், குரல் பதிவு போடுவார். அந்தக் குழுவோ ஒரு குப்பைமேடு. காலை வணக்கம் என்று ரோஜாப்பூ, முருகன் படம், யாரோ அனுப்பிய மூலிகை வைத்தியம், அதற்கு நாற்பது பேர் கும்பிடு. அக்காவின் குரல் அதற்கடியில் புதைந்து கிடக்கும். வேன் அண்ணன் வண்டியைக் கிளப்பும் அவசரத்தில் எதைத் தோண்டிக் கேட்பார்? குழியும் சேறுமான அந்தத் தோட்டத்து மண் ரோட்டில் உள்ளே போய், இருட்டு வீட்டைப் பார்த்து ஹாரன் அடித்து, நாய்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டு திரும்புவார். அன்று மொத்த வேனும் லேட்.

லேட்டாகப் போனால் நாற்காலியில் உட்காரும் நேரம் குறையும். ரத்தம் பாதிதான் கழுவப்படும். அது போதாதென்று மையத்துத் தலைமை நர்ஸ், பெரிய மிஸ்ஸி, ஒருநாள் வேன்காரர்கள் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். அவரும் பாவம், மலாய்க்காரம்மா, நல்ல மனுஷி, ஆனால் மேலிடத்து அழுத்தம். லம்பாட், லம்பாட், எத்தனை தடவைதான் லேட்டாக வருவீர்கள்? இனியும் இப்படி நடந்தால் காலை நாற்காலிகளை ஈப்போ ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, வேன்காரர்களைக் கடைசி முறைக்கு மாற்றிவிடுவோம்.

கடைசி முறை என்றால் முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். வேன் அண்ணன் மாலையில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றுகிறவர், அந்த நேரத்தில் அவரால் வர முடியாது. என் வீட்டுக்காரருக்காவது எப்படியோ ஒரு வண்டி பிடித்துக்கொள்ளலாம். அந்தத் தோட்டத்து ரோட்டுக்குள் ராத்திரியில் எந்த வாடகை வண்டிக்காரன் வருவான்? அக்காவின் மகனுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

"அப்போ எனக்கு ரத்தம் கழுவுறதே வேணாம்லா. வீட்டுலயே கெடக்குறேன், எத்தன நாளைக்குக் கெடப்பேன் பாக்கலாம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாராம். வேனில் யாரும் சிரிக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டிற்று. வருடக்கணக்காக யார் யாருக்கோ செயலி எழுதிக் கொடுத்தவள் நான். வருகிறேன், வரவில்லை என்று ஒரு விரலால் சொல்லவும், அதை வேன் அண்ணன் ஒரு பார்வையில் பார்க்கவும் ஒரு சின்னச் செயலி எழுத முடியாதா?

எங்கள் தொழிலில் முதல் பாடமே, நிரல் எழுதுவதற்கு முன்னால் திரையை வரை என்பதுதான். எந்தப் பொத்தான் எங்கே, எதை அமுக்கினால் எது வரும் என்று எல்லாவற்றையும் காகிதத்தில் தீர்த்துக்கொண்டு பிறகுதான் கணினியைத் தொட வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஆபீஸில் திரை வரைய ஒரு பெண் தனியாக இருந்தாள். இந்தப் பொத்தானைக் கொஞ்சம் நகர்த்துங்கக்கா, அந்த நிறத்தை மாற்றுங்கக்கா என்று அவள் வரும்போதெல்லாம் என் உயிரை எடுக்க வந்திருக்கிறாள் என்று எரிச்சல்படுவேன். இப்போது அவள் வேலையும் நான்தான், என் வேலையும் நான்தான், இடையில் எழுந்துபோய்ச் சோறு வடிப்பதும் நான்தான்.

உடம்பில் தெம்பு இல்லாததுதான் என்னை ஒழுங்காக வேலை செய்யவைத்தது. எழுதி எழுதி அழிக்கச் சக்தி கிடையாது. வரைந்து அழித்தால் ரப்பர்தானே தேயும்? சமையலறை மேசையில் உட்கார்ந்து, பெரிய எழுத்துக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் வரைந்தேன். எதிரில் இவர் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பதால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு நான் வரைவதைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் பேசுவதற்கே அலுப்பாக இருந்தது. மருந்து போட்டாச்சா, போட்டாச்சு. அவ்வளவுதான் தாம்பத்தியம்.

முதலில் எழுத்தாக வைத்தேன். வேனில் பாதிப் பேருக்குப் படிக்கத் தடுமாற்றம், மீதிப் பேருக்குச் சர்க்கரையில் கண் மங்கல். கிழித்தேன். பிறகு எண்கள் வைத்தேன். யாருக்கு எந்த எண் என்று எனக்கே நினைவில்லை. கிழித்தேன். கடைசியில்தான் அந்த யோசனை வந்தது. முகம் போதுமே! எழுத்தே வேண்டாம். ஒவ்வொருவர் படத்தையும் வட்டமாக வைத்து, வருகிறேன் என்று அமுக்கினால் படத்தைச் சுற்றித் தங்க நிறத்தில் ஒரு வளையம் மின்னும், அடியில் சின்னதாக ஒரு சுடர் எரியும். நான் நடைப்பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு செயலியில் அப்படித்தான் சுடர் எரியும், எனக்கு அது பிடிக்கும். வரவில்லை என்றால் படம் சாம்பல் நிறமாகிவிடும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், கண் மங்கலானவருக்கும் தெரியும். எனக்கே என் முதுகைத் தட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

குழுவில் அவரவர் வைத்திருந்த படங்களை எடுத்து, கணினியில் அழகாகச் செய்து, கடையில் கொடுத்து வண்ணத்தில் அச்செடுத்தேன். கைப்பேசி அளவுக்குத் தடித்த அட்டையில் ஒட்டி வெட்டினேன். ஆளுக்கொரு அட்டை, மேலே அவரவர் படம் பெரிதாக, வளையத்தோடும் சுடரோடும். அவர்கள் கையில் அட்டையைக் கொடுத்து, கைப்பேசி என்று நினைத்து அமுக்கச் சொல்வது என் திட்டம். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துத் திருத்திக்கொண்டு நிரலைத் தொடங்கலாம்.

அடுத்த முறை நாளில் பஸ் ஏறி மையத்துக்குப் போனேன். வரிசையாக நாற்காலிகள். எல்லாரும் கழுத்துவரை கம்பளி போர்த்தி, ஒரு கையைக் குழாய்க்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையைக் கம்பளிக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள். முதலில் லயத்து அக்காவிடம் போனேன். வாய் ஓயாமல் பேசுகிறவர். என்னைப் பார்த்ததும், "வா தங்கச்சி, என்னா கொண்டாந்திருக்கே? திங்கிறதா இருந்தா மிஸ்ஸிக்குத் தெரியாமக் குடு" என்றார். அட்டையைக் கொடுத்தேன்.

பார்த்தார். ஒரு நிமிஷம் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, "நல்லா இருக்கு மா. ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லி, அட்டையைக் கவிழ்த்துப் புலியின் மூக்கின்மேல் வைத்துக்கொண்டார். அமுக்கிப் பாருங்கக்கா என்றேன். "அப்புறமா அமுக்குறேன், கை குளிருது" என்றார்.

அடுத்தவர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அவரும் அழகா இருக்குலா என்றார். அதற்கடுத்தவர் என் தலையைத் தொட்டு, நல்லா இருப்பே தாயி என்றார். ஒருவர்கூட அமுக்கவில்லை. என் வீட்டுக்காரர் தன் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பெரியவர்கள் இத்தனை பேர் குறையே சொல்லவில்லை என்றால் என் திரை எவ்வளவு நன்றாக இருக்க வேண்டும்! ஆபீஸில் ஒருவர் வாயிலிருந்தும் நல்லா இருக்கு என்று வாங்கியதில்லை நான்.

வீட்டுக்கு வந்ததும், நாளையே நிரல் எழுதத் தொடங்கிவிட வேண்டும் என்று கணினியைத் துடைத்து வைத்தேன். எதிரில் பார்த்துப் பார்த்து எழுத வசதியாக, இவருடைய அட்டையை ஹாலில் கணினி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

மறுநாள் காலை, நன்றாகத் தூங்கி எழுந்து, கோப்பியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். கதவைத் திறக்கவில்லை, விளக்கும் போடவில்லை. சுவரில் என் மாமனார் படம் எப்போதும்போல் இருந்தது. தங்க நிறச் சட்டம், அடியில் சுடர் வடிவத்தில் சிவப்பு பல்பு. அதற்குப் பக்கத்தில், அதே வரிசையில், தங்க வளையத்துக்குள் என் வீட்டுக்காரர் முகம். அடியில் சுடர்.

கோப்பி கையில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. ஐயோ, ஐயோ என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிய்த்தேன். சுவர்ச் சாயமும் சேர்ந்து பிய்ந்து வந்தது.

நம் வீட்டில் யார் படத்துக்குக் கீழே விளக்கு எரியும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அந்த மாமனார் படத்துக்கு வெள்ளிக்கிழமை பூ வைப்பதே நான்தான். கணினி முன்னால் உட்கார்ந்ததும் அந்தக் கண் எங்கே போயிற்று? ரத்தம் கழுவப் போய் ஒவ்வொரு நாளையும் எண்ணி வாழ்கிற மனிதர்கள் கையில், அவரவர் படத்தை விளக்கேற்றிக் கொடுத்துவிட்டு, அமுக்கிப் பாருங்கள் என்று நின்றிருக்கிறேன்.

உள் அறைக்குப் போனேன். அன்று முறை இல்லாத நாள், இவர் படுத்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் நோய் கண்டதிலிருந்து அவர் முன்னால் நான் அழுதது அதுதான் முதல்முறை. அவர் என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"இப்பத்தான் தெரிஞ்சுச்சா?" என்றார்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். வேன்ல அந்த அக்காதான் சத்தம் போட்டுச்சு. அந்தப் புள்ள பாவம், தூக்கம் முழிச்சு வரைஞ்சிருக்கு, யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. அப்புறம் அதுவே, மாலை மட்டுந்தான் பாக்கின்னு சொல்லி சிரிச்சுச்சு. வேனே சிரிச்சுச்சு."

"நீங்களுமா சிரிச்சீங்க?"

"சிரிக்காம? என்னோட படம்தான் நல்லா இல்ல. கண்ணு பாதி மூடியிருக்கு."

எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. நீங்க போயிட்டா நான் என்னங்க செய்வேன் என்று கேட்டேன். அத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. அவர் என் கையைப் பிடித்து, கோப்பி சுட்ட இடத்தில், தலைமாட்டுக் கிண்ணத்தில் இருந்த தன் ஐஸ் கட்டியை வைத்து அழுத்தினார். அன்றைக்கு அவருக்கு அளந்த தண்ணீரில் அதுவும் ஒரு பங்கு.

அதற்கப்புறம் அவர் ஒன்று சொன்னார். "ஒக்காந்த எடத்துல வரையாதே. ஒரு நாளைக்கு வேன்ல வா."

அடுத்த முறை நாள், விடிவதற்கு முன்னால் வேன் அண்ணன் வாசலில் ஹாரன் அடித்தபோது நான் மட்டும் ஏறிக்கொண்டேன். காலி வேனில் சுங்கை சிப்புட் பக்கம் போனோம். செம்பனைகளுக்கு நடுவே அந்த ரோட்டில் ஆடி ஆடிப் போய்ச் சேரும்போது என் இடுப்பு என்னிடம் இல்லை. கடைசி வீட்டு வாசலில் இருட்டில் ஒரு புலி நின்றுகொண்டிருந்தது.

அக்கா ஏறியதும் அவர் காலைத் தொட்டேன். மன்னிச்சிருங்கக்கா, புத்தியில்லாம செஞ்சுட்டேன் என்றேன்.

"அட, எந்திரி லா! எதுக்கு மன்னிப்பு?" என்று என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "என் படம் எவ்ளோ லட்சணமா வந்திருக்கு தெரியுமா? என் மூஞ்சிக்கு இவ்ளோ நல்ல படம் யாரும் புடிச்சதில்ல. பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். சமயத்துக்கு வேணும்ல?" சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவா, அழவா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

டவுனில் ஒவ்வொருவராக ஏறினார்கள். இருட்டு. யார் முகமும் தெரியவில்லை. எல்லாரும் தலையோடு போர்த்தியிருந்தார்கள். ஆனால் யார் யார் என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். கட்டம் போட்டது லோரிக்காரர். மயில் கழுத்து நிறம், அது தாயி என்று என் தலையைத் தொட்ட ஆயா. கிழிந்த ஓரத்தில் சிவப்பு நூல் போட்டுத் தைத்தது இன்னொருவர். செமோர் வந்து, எங்கள் வாசல் வெளிச்சத்தில் நீலக் கோடு போட்ட ஒரு கம்பளி நடந்து வந்தபோது, முகம் பார்க்காமலே என் வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கம்பளியை நான்தானே துவைத்துக் காயப்போடுகிறேன்.

முகம் எதற்கு? வேனிலேயே உட்கார்ந்து, காலண்டர் தாளில் சதுரம் சதுரமாக வரைந்தேன். வருகிறவர்கள் முந்தின நாள் சாயந்திரம் தங்கள் கம்பளியை அமுக்கினால் அது விரியும். முடியாவிட்டால் மறுபடி அமுக்கினால் மடிந்துகொள்ளும். யார் படமும் சாம்பலாக வேண்டாம், யார் காலடியிலும் விளக்கு எரிய வேண்டாம். மடித்து வைத்த கம்பளி என்றால் இன்றைக்கு வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை அட்டை கொண்டுபோனபோது நான் நல்லா இருக்கா என்று கேட்கவே இல்லை. கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். கம்பளிகளுக்குள் இருந்து கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அட்டையை மடியில் சாய்த்துக் கட்டை விரலால் அமுக்கினார்கள். ஒரே ஒரு கைதான் இருக்கிறது, அதனால் சதுரம் இன்னும் பெரிதாக வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. லோரிக்காரர், கட்டம் பச்சை இல்லை, கரும்பச்சை என்று சண்டைக்கு வந்தார். அக்காவோ அட்டையைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, இது புலியா பூனையா? மீச போடு லா, மீச!"

காகிதமாக இருந்ததால்தான் கிழிக்க மனசு வந்தது. அந்தச் சுடரை ஒரு மாதம் முதுகு ஒடிய நிரலாக எழுதி முடித்திருந்தால், அவர்கள் பாராட்டியதை நம்பி அப்படியே கையில் திணித்திருப்பேன். பிறகு நிரல் எழுத அதிக நாள் ஆகவில்லை. எழுதும்போது அலுப்பும் தெரியவில்லை. சின்னச் செயலிதான். அதில் பெரிய வேலை, புலிக்கு மீசை வரைந்தது.

வேன் நேரத்துக்குப் போக ஆரம்பித்தது. பெரிய மிஸ்ஸி முதல்நாள் கடிகாரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், பிறகு திரும்பி உள்ளே போனார். காலை நாற்காலிகள் எங்களிடமே இருந்தன. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தால் புலி மடிந்திருக்கும், வேன் தோட்டத்துக்குள் திரும்பாமல் நேராக டவுனுக்குப் போய்விடும். வீடு வந்துவிட்டால் சாயந்திரமே புலி விரிந்துவிடும். இவர் தினமும் சாயந்திரம் கைப்பேசியைப் பார்த்து, புலி வந்துருச்சு என்று எனக்குச் சொல்வார்.

அடுத்த வருடம் பங்குனி மாதம். முந்தின நாள் சாயந்திரம் எல்லாக் கம்பளியும் விரிந்திருந்தன, புலி உட்பட. விடிகாலையில் வேன் அண்ணன் கிளம்பும்போது பார்த்தால் புலி மடிந்திருந்தது. சரி, அக்காவுக்கு முடியவில்லை போல என்று அவர் உள்ளே போகாமல் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு சரியான நேரத்துக்கு மையத்தில் கொண்டுபோய் விட்டார். எல்லாரும் நாற்காலியில் இருக்கும்போதுதான் செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அக்கா போய்விட்டார்.

அன்று தொழிற்சாலை ஓட்டத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, வேன் அண்ணன் சாயந்திரம் எங்கள் எல்லாரையும் அந்தத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். முறை முடிந்த களைப்போடு வேனில் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். கடைசி வீட்டு வாசலில் பந்தல். உள்ளே நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது. சுவரில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார், அந்த அட்டையில் இருந்த அதே படம். பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாலை போட்டு, அடியில் விளக்கு வைத்திருந்தார்கள். அவரே எடுத்துக் கொடுத்து, இதைத்தான் வைக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாராம்.

அவருடைய மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரலே இல்லை. "மூச்சே விட முடியலக்கா அவுங்களுக்கு. பக்கத்து வீட்டுக் கார்ல தூக்கி ஏத்துறோம், போனக் குடு போனக் குடுன்னு கையக் காட்டுறாங்க. யாருக்கோ பேசப் போறாங்கன்னு நெனச்சேன். அந்தப் புலிய அமுக்கி மடிச்சாங்க. வேன் வீணா உள்ள வந்துரும்லா, எல்லாருக்கும் லேட்டாயிரும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் எதும் பேசல."

நான் எழுதிய செயலி அன்று ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. அதை நினைத்து நினைத்து அன்று வேனில் வீடு வரும்வரை அழுதேன்.

ஒருவர் போய்விட்டால் திரையில் என்ன செய்வது என்று நான் வரையவே இல்லை. எல்லாத் திரையையும் முன்கூட்டியே வரைந்துவிட்டேன் என்று நினைத்தவள், அதை மட்டும் வரையாமல் விட்டிருந்தேன். வேன் அண்ணன் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தங்கச்சி, டவுன்ல புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரு. எடம் வேணுமே... அந்தப் புலிய என்னா செய்ய?" புதியவருக்குப் பூப்போட்ட கம்பளி. அதற்கு வரிசையில் இடம் கொடுத்தேன். புலியை எடுக்கக் கை வரவில்லை. திரையின் கீழ் மூலையில், மடித்தபடியே, மீசை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டேன். அதை அமுக்கினால் விரியாது.

இவர் இன்றும் வாரத்தில் மூன்று நாள் போய் வருகிறார். முந்தின நாள் சாயந்திரம் சமையலறை மேசையில் உட்கார்ந்து நீலக் கோட்டுக் கம்பளியை அமுக்கி விரிப்பார். பிறகு கட்டை விரலைக் கீழே கொண்டுபோய்ப் புலியையும் ஒரு தரம் அமுக்குவார். அது வேல செய்யாதுங்க என்று ஒருநாள் சொன்னேன்.

"தெரியும்லா" என்றார். "வேன்ல எல்லாருந்தான் அமுக்குறோம்."

இப்போது மீண்டும் சில இடங்களுக்குத் திரை வரைந்து கொடுக்கிறேன். அலுப்பு முழுதாகத் தீர்ந்துவிடவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் யார் நல்லா இருக்கு என்று சொன்னாலும் நான் அவர்கள் வாயைப் பார்ப்பதில்லை. அட்டையை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்களா, என் மனம் நோகக் கூடாதென்று கவிழ்த்து வைத்திருக்கிறார்களா என்று அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன்.